ஆச்சியின் காலும் ஆச்சியின் காதும்: ஒரு சர்க்கரைப் புண் கிளினிக் பற்றி

கவுண்டரில் இருக்கும் பிள்ளை ஒவ்வொரு தடவையும் பில்லோடு சேர்த்து ஒரு அட்டையை நீட்டும். அட்டையில் க்யூஆர் கோடு. "அண்ணாச்சி, ஸ்கேன் பண்ணி அஞ்சு ஸ்டார் போட்டு ரெண்டு வரி எழுதிருங்க. அடுத்த டிரெஸ்ஸிங்குல பத்து பெர்சென்ட் குறைச்சிருவோம்." ஏழு வாரத்தில் ஒன்பது தடவை கேட்டாயிற்று. தலையை ஆட்டிவிட்டு வந்துகொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன். ரெண்டு வரியில் முடியாது, பத்து பெர்சென்டும் வேண்டாம்.

கிளினிக்கின் பெயரைப் போடப்போவதில்லை. திருநெல்வேலியில் இருக்கிறது, சர்க்கரைக்காரர்களின் கால் புண் பார்க்கிறார்கள், அது போதும். எங்கள் ஆச்சியின் காலை ஆற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள். அதோடு நான் குறை சொல்லப்போகிற விஷயம், நோயாளியை வீடியோ எடுத்து ஊருக்குக் காட்டுவது, அந்த ஒரு மாடிப்படிக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. உங்கள் போனைத் திறந்து விரலால் நாலு தடவை தள்ளினால் நாலு டாக்டர் வருவார்கள்.

நான் கல்யாண போட்டோகிராபர். சமாதானபுரத்தில் சின்ன ஸ்டுடியோ. பத்தொன்பது வருஷமாகக் கேமராதான் சோறு போடுகிறது. அதனால் இதில் பாதி வைத்தியத்தைப் பற்றி இருக்கும், பாதி கேமராவைப் பற்றி இருக்கும்.

ஆச்சிக்கு எண்பத்திரண்டு வயசு. சேர்மாதேவி பக்கம் எங்கள் ஊர். சர்க்கரை வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன ஆடியில் தோட்டத்துப் பக்கம் போய்விட்டு வந்தவள், மூணாம் நாள் காலையில் பாயில் ஈரம் இருப்பதை அம்மா காட்டியபோதுதான் காலைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். வலது பெருவிரலுக்கு அடியில் சீமைக்கருவேல முள், ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறியிருக்கிறது. சீமைக்கருவேல முள் குத்தினால் ஒரு மனுஷன் எப்படிக் கத்துவான் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆச்சிக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை கால் நரம்பை அப்படி மரக்க அடித்துவிடுகிறது. அப்புறம் வழக்கம்போல மஞ்சள் அரைத்துப் பூசி நாலு நாள் ஓட்டினார்கள். அஞ்சாம் நாள் வாடை வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குப் போன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், நிறைய இருக்கிறது.

டாக்டருக்கு ஐம்பது வயசு இருக்கும். கையில் பேனா மாதிரி ஒரு பிடி, அதன் நுனியில் மொத்தமான நைலான் இழை. அதைத் தோலில் வைத்து அழுத்தினால் இழை வளையும். வளைகிற அந்த இடத்தில் அழுத்தம் சரியாகப் பத்து கிராம் என்று சொன்னார். "ஆச்சி, கண்ண மூடிக்கோங்க. நான் தொடும்போது ம்-னு சொல்லணும், சரியா?" கணுக்காலுக்கு மேலே தொட்டார், ஆச்சி ம் என்றாள். புறங்காலில் தொட்டார், கொஞ்சம் தயங்கி ம் என்றாள். அப்புறம் விரல் விரலாக, அடிப்பாதம், குதிகால் என்று வரிசையாக அழுத்திக்கொண்டே போனார். ஆச்சி கண்ணை இறுக்கி மூடியபடி இருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுக் கேட்டாள்: "எப்பய்யா ஆரம்பிப்பிய?"

டாக்டர் சிரிக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எக்ஸ்ரே எடுத்து எலும்புக்குப் போகவில்லை என்று பார்த்தார்கள். கையில் அடக்கமான டாப்ளர் மெஷினை வைத்துக் காலில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி டக் டக் என்று சத்தம். "ரத்தம் நல்லா போகுது, அப்ப புண்ணு ஆறும், பயப்படாதீங்க" என்றார். காலை எடுக்க வேண்டும் என்ற பேச்சே அன்றைக்கு எழவில்லை, அதற்குப் பிறகும் எழவில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

டிரெஸ்ஸிங் அறையில் ஒரு சிஸ்டர். நாசரேத் பக்கம், ஓய்வு பெறுகிற வயசு. செத்த தோலை டாக்டர் பிளேடால் சுற்றிச் சுற்றிச் சீவி எடுத்ததும், சலைன் தண்ணீரால் கழுவி, கட்டி, பெருவிரலில் பாரம் விழாத மாதிரி மெத்தென்ற பட்டையை வெட்டி ஒட்டிவிடுவார்கள். ஓட்டை இருக்கிற இடத்தில் பட்டையிலும் ஓட்டை. "மஞ்சளு, டெட்டாலு, பேஸ்டு ஒண்ணும் போடக்கூடாது. காலத் தண்ணில ஊற வைக்கக்கூடாது. நடக்கக்கூடாது. நடந்தா மருந்தெல்லாம் தெண்டம்" என்று ஆச்சியை அதட்டுகிற ஒரே ஆள் அவர்கள்தான். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தத் தைரியம் கிடையாது.

பார்க்க 400 ரூபாய், டிரெஸ்ஸிங் 250. மாத்திரை, எக்ஸ்ரே, எம்சிஆர் செருப்பு (சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) எல்லாம் சேர்த்து ஏழு வாரத்தில் பதினாலாயிரம் ஆனது. நியாயம்தான். குறை என்றால், கால் புண் ஆஸ்பத்திரியை முதல் மாடியில் வைத்திருக்கிறார்கள். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. நான் ஆச்சியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன், பின்னாலேயே ஒருத்தர் தன் மாமனாரைத் தூக்கிக்கொண்டு ஏறினார். நடுவில் நின்று ரெண்டு பேரும் மூச்சு வாங்கினோம். இதையெல்லாம் யார் யோசிப்பார்கள் என்று தெரியவில்லை.

காத்திருக்கிற ஹாலில் பெரிய டிவி. அதில் அவர்களுடைய வீடியோக்களே சுற்றிச் சுற்றி ஓடும். சுவரில் ஒரு பலகை: "நோயாளிகளும் உடன் வருவோரும் இங்கு படம் எடுக்கவோ வீடியோ எடுக்கவோ கூடாது." நல்ல பலகை. யாருக்கு என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள்.

ஏனென்றால் அங்கே எந்நேரமும் ஒரு தம்பி வீடியோ எடுத்துக்கொண்டிருப்பான். இருபத்திரண்டு வயசு இருக்கும். கை ஆடினாலும் படம் ஆடாமல் பிடிக்கிற கிம்பலில் போன், கழுத்தில் அடையாள அட்டை. கிளினிக் ஆள் இல்லை. டாக்டரின் சோஷியல் மீடியா பக்கத்தை நடத்துகிற ஏஜென்சிக்காரன். தொழில் ஒன்று என்பதால் பேச்சுக் கொடுத்தேன். மாசம் இருபது ரீல்ஸ் கணக்காம். டிரெஸ்ஸிங் அறை வாசலில் அவனைப் பார்த்தால் சிஸ்டர் கதவைச் சாத்திவிடுவார்கள். "அங்கிட்டுப் போய் டாக்டரப் புடி. இங்கன பொம்பளையாளுக காலத் தூக்கி வச்சிருக்காவ."

நாலாவது வாரம் சிஸ்டருக்கு ஒரு நாள் லீவு. அன்றைக்கு எனக்கும் வள்ளியூரில் ஒரு நிச்சயதார்த்தம். ஆச்சியை அம்மா கூட்டிக்கொண்டு போனாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பேட்டையில் ஒரு மண்டபத்தில் முகூர்த்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் ஓய்ந்து போனை எடுத்தால் பதினேழு மிஸ்டு கால். அதில் பதினொன்று பம்பாய் அத்தை. திருப்பிக் கூப்பிட்டால் ஒரே அழுகை. "ஏல, அம்ம கால எடுத்துட்டாவளா? எனக்கு ஏம்ல ஒரு வார்த்த சொல்லல? நான் செத்தா போயிட்டேன்?"

வீடியோ ஐம்பத்தெட்டு நொடி. மேலே சிவப்பு எழுத்து: "காலை வெட்டச் சொன்னார்கள்! 82 வயது பாட்டிக்கு டாக்டர் செய்த அதிசயம்!" கீழே சோக வயலின். புண் மெதுவாக, மெதுவாக, திரை முழுக்க வருகிறது. தாலி கட்டும்போது நான் போடுகிற அதே ஸ்லோ மோஷன். அப்புறம் வயலின் மாறி உற்சாகமான இசை, கட்டுப் போட்ட கால், டாக்டர் கைகட்டிக்கொண்டு நிற்கிறார். நான் பார்த்தபோது நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

யார் வெட்டச் சொன்னார்கள்? ஒருத்தரும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. அம்பாசமுத்திரத்துச் சின்னத்தாத்தா குடும்பத்தோடு ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டார். பத்தமடையிலிருந்து ஆச்சியின் பழைய சினேகிதி ஒருத்தி கோரைப்பாய் ஒன்று கொண்டுவந்தாள், கால் இல்லாதவளுக்குக் கட்டிலில் ஏறி இறங்கக் கஷ்டமாக இருக்குமே என்று. ஆச்சி ஒவ்வொருவருக்கும் சேலையைக் கணுக்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினாள். "இந்தா கெடக்கு பாரு. ரெண்டும் கெடக்கு. எண்ணிக்கோ." மூணாம் நாளுக்கு மேல் அவளுக்குச் சலித்துவிட்டது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே திண்ணையில் காலை நீட்டிவைத்துக்கொண்டாள்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே வாரம் சித்தப்பா மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டில் இருந்து ஒருத்தர், "உங்க வீட்டுல எல்லாருக்குமே சுகர் உண்டோ?" என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டார். சித்தப்பா என்ன சொன்னாரோ, அந்தப் பேச்சு அதற்குமேல் நகரவில்லை. வீடியோவால்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. சித்தப்பா அப்படித்தான் நினைக்கிறார், ஆச்சியும் அப்படித்தான் நினைக்கிறாள். அவள் அந்தக் காலை ஆசையாகக் காட்டியது அன்றோடு நின்றது.

முகத்தை மறைத்திருக்கிறார்களே, எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். டாக்டரும் அதைத்தான் கேட்டார்.

ஆச்சி பாம்படம் போட்டவள், காதை இழுத்துத் தொங்கவிடுகிற அந்தக் காலத்துக் கனத்த காதணி. எங்கள் ஊரில் காது வளர்த்த கடைசி ரெண்டு மூணு பேரில் ஒருத்தி. பம்பாய் அத்தை கல்யாணத்தின்போது, 1986-ல், பாம்படத்தை அழித்துச் சங்கிலி செய்தார்கள். உள்ளே அரக்குதான் பாதி, தங்கம் நினைத்த அளவு தேறவில்லை என்று இன்றைக்கும் ஆசாரியைத் திட்டுவாள். பாம்படம் போய்விட்டது, காது அப்படியே தோளைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இந்தத் தம்பி முகத்தின் மேல் ஒரு மங்கல் வட்டம் போட்டிருக்கிறான். வட்டத்துக்கு வெளியே ரெண்டு பக்கமும் ரெண்டு காது, ஊஞ்சல் கயிறு மாதிரித் தொங்குகிறது. முன்கையில் பச்சை குத்திய தேள். போதாததற்கு, "மெதுவாய்யா, மெதுவா" என்று அவள் குரல். சேர்மாதேவியிலிருந்து வீரவநல்லூர் வரைக்கும் யாரிடம் காட்டினாலும் பேரைச் சொல்லிவிடுவார்கள்.

தொழில்காரன் என்பதால் இன்னொன்றும் செய்தேன். வீடியோவை இறக்கி, கம்ப்யூட்டரில் போட்டு, ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டினேன். இருபத்து மூன்றாவது நொடியில் ஆச்சி சட்டென்று வலப்பக்கம் திரும்புகிறாள். மங்கல் வட்டம் பின்தங்கிவிடுகிறது. பதினோரு ஃபிரேமுக்கு முகம் பளிச்சென்று தெரிகிறது. செயலியில் முகத்தைத் தானாகத் தொடரும்படி விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஏற்றியிருக்கிறான். இதைச் சரிபார்க்க ஒரு நிமிஷம் ஆகும். மாசம் இருபது ரீல்ஸ் கணக்குக்காரனுக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைத்திருக்காது.

கோபத்தில் கிளினிக்குக்குப் போனேன். கவுண்டர்ப் பிள்ளை ஃபைலைத் திறந்து ஒரு தாளைக் காட்டியது. முதல் நாள் கொடுத்த படிவம். ரெண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். ரெண்டாம் பக்கத்தில் பதினோராவது வரி: கல்வி, விழிப்புணர்வு, விளம்பரம் ஆகியவற்றுக்காகப் படமும் வீடியோவும் எடுத்துக்கொள்ளச் சம்மதம். அடியில் கையெழுத்து.

என்னுடைய கையெழுத்து.

நோயாளியைக் கிடத்திவிட்டு, ஆட்டோக்காரனுக்குச் சில்லறை தேடிக்கொண்டு, கோடு போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிற நேரம் அது. ஆனாலும் என்னைப் போன்றவன் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. 2019-ல் ஒரு நலங்குப் போட்டோவை, பிரமாதமான வெளிச்சம் என்பதற்காக, என் பக்கத்தில் கேட்காமல் போட்டுவிட்டேன். ராத்திரி பதினோரு மணிக்குப் பொண்ணின் அப்பா கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "தம்பி, எம்மவ மஞ்சப் பூசி உக்காந்திருக்கத ஊர் பாக்கணுமாய்யா?" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் தனியாகக் கேட்டுத்தான் போடுகிறேன். படத்தைக் காட்டி, இதைப் போடட்டுமா என்று கேட்பேன். வேண்டாம் என்பவர்கள்தான் அதிகம். அப்படிப்பட்டவன் ஆச்சியைக் கேட்காமல் ஆச்சிக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கால் அவளுடையது, கையெழுத்து என்னுடையது.

டாக்டர் என்னை உட்காரவைத்துப் பேசினார். ஒளிந்துகொள்ளவில்லை, அது பெரிய விஷயம். "முகத்த மறச்சாச்சே தம்பி. அடையாளம் தெரியாதுன்னா சம்மதமே தேவையில்லன்னுதான் விதி" என்றார்.

அது உண்மையா என்று அக்கா மகளிடம் கேட்டேன். ஹவுஸ் சர்ஜன், டாக்டர் படிப்பின் கடைசிப் பயிற்சி வருஷம். அவள் போனிலேயே வகுப்பு எடுத்துவிட்டாள். நம் நாட்டு டாக்டர்களின் நடத்தை விதிகள் 2002-ல் வந்தவை. நோயாளி யாரென்று தெரிகிற மாதிரி படத்தையோ கேஸ் விவரத்தையோ அவர் அனுமதி இல்லாமல் மருத்துவ இதழிலோ வேறு இதழிலோ வெளியிடக் கூடாது, அடையாளம் வெளிப்படாது என்றால் அனுமதி வேண்டாம் என்று அதில் இருக்கிறது. டாக்டர் சொன்னது சரி. ஆனால் 2002-ல் பேஸ்புக்கே கிடையாது. டாக்டர்கள் நாலு பேர் படிக்கிற இதழை நினைத்து எழுதிய வரி அது. பத்தமடைச் சினேகிதி பார்ப்பாள் என்று எழுதியவர்கள் நினைத்திருக்க முடியாது. அதே விதிகளில், டாக்டர் ஆள் பிடிக்கிற மாதிரி விளம்பரம் செய்யக் கூடாது, தொழில் தொடங்கினால், இடம் மாறினால், லீவில் போய்த் திரும்பினால் அறிவிப்புக் கொடுத்துக்கொள்ளலாம் என்ற மாதிரிதான் இருக்கிறதாம்.

"2023 ஆகஸ்ட்ல புதுசா ஒண்ணு கொண்டுவந்தாங்க மாமா. தேசிய மருத்துவ ஆணையம். சோஷியல் மீடியாவுக்குன்னே தனியா எழுதியிருந்தாங்க. நோயாளி போட்டோ, ஸ்கேன் எதையும் போடக்கூடாது, ஆபரேஷன் வீடியோ போடக்கூடாது, குணமானவங்க படத்தக் காட்டக்கூடாது, நோயாளிகிட்ட ரிவ்யூ கேக்கக்கூடாது, காசு குடுத்து லைக், ஃபாலோயர் வாங்கக்கூடாதுன்னு. அதே மாசமே நிறுத்தி வச்சுட்டாங்க. பழசுதான் ஓடுது."

ரிவ்யூ கேட்கக் கூடாது என்றதும் எனக்குக் க்யூஆர் அட்டை ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் சொன்னாள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நான் ஒரு கோட்டின் மேல் அரை நொடியில் கொடுத்த சம்மதம். திரும்பப் பெற மூணு நாள் நடந்தேன். முதல் நாள், "அது ஏஜென்சி பாக்குது." ரெண்டாம் நாள், "பாஸ்வேர்டு அந்தத் தம்பிகிட்ட இருக்கு." மூணாம் நாள் டாக்டரே தம்பிக்குப் போன் போட்டு, என் முன்னால் எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். ஆனால் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அது இன்னும் சுற்றுகிறது. போன வாரம்கூட ஒருத்தர், "இந்தப் பாட்டி யாரு, பாவம்" என்று எனக்கே அனுப்பினார்.

அக்கா மகளிடம், "நீங்க ஹவுஸ் சர்ஜன்லாம் மட்டும் ஒழுங்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எக்ஸ்ரேய குரூப்புல போட்டு சந்தேகம் கேப்போம் மாமா. பேரு இருக்கற ஓரத்த வெட்டிட்டுத்தான்" என்றாள். "எல்லாரும் வெட்டுவியளா?" என்றேன். "இனிமே பாத்துக்கிடுதேன்" என்றாள்.

டாக்டர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. "நான் பேசலேன்னா அந்த இடத்துல யார் பேசுதான் தெரியுமா? எலையக் கசக்கி ஊத்துனா சுகரே போயிரும்பான். அதக் கேட்டு இன்சுலின நிறுத்திட்டு, காலு கருத்துப் போயி எங்கிட்டத்தான் வாரான்" என்றார். சர்க்கரை நோயைக் குணமாக்குவேன் என்று மருந்து விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். சட்டத்துக்கு எழுபது வயசுக்கு மேல் ஆகிறது, யூடியூபுக்கு அது கேட்கவில்லை.

அவருடைய வீடியோக்களில் ஒன்று எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். கோயில் கல் தளத்தில் மத்தியான வெயிலில் சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலோடு சுற்றுவதைப் பற்றியது. காலில் உணர்ச்சி இல்லை, சுடுவது தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதம் கொப்பளித்திருக்கும். காலையில் அல்லது சாயங்காலம் போங்கள், செருப்பில்லாத இடத்தில் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பாதத்தைப் பாருங்கள் என்கிறார். நோயாளி யாரும் இல்லை. வயலின் இல்லை. ஒரு கண்ணாடி, அவருடைய சொந்தக் கால், அவ்வளவுதான். ஆச்சி இப்போது நெல்லையப்பர் கோயிலுக்குச் சாக்ஸ் போட்டுக்கொண்டு வருகிறாள். ஒரு குருக்கள் உற்றுப் பார்த்தார், அவள் திருப்பி அவரைப் பார்த்தாள். அந்த வீடியோவை மூவாயிரம் பேர்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஆச்சியின் வீடியோவை விட என்னைப் பயமுறுத்தியது அதன் கீழே கிடந்த ஒரு கமெண்ட். "டாக்டர், எங்க அப்பாக்கு சுகர் இருக்கு. நேத்துலேர்ந்து சுண்டுவிரல் கருத்துப் போச்சு. என்ன பண்ணலாம்?" கீழே கிளினிக்கின் பெயரிலேயே பதில்: ஒரு களிம்பின் பெயர், "ரெண்டு நேரம் போடுங்க, சரியாகும். மேலும் விவரத்துக்கு மெசேஜ் பண்ணுங்க", கைகூப்பிய ஒரு பொம்மை. நான் டாக்டரிடம் அதைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார். அவர் எழுதியது இல்லை. அந்தத் தம்பி எழுதியிருக்கிறான். முன்னே ஒரு நாள் வேறு யாருக்கோ அவர் சொன்ன மருந்து, அதை ஞாபகம் வைத்திருந்து தட்டிவிட்டிருக்கிறான்.

விரல் கருப்பது என்றால் அந்த நிமிஷமே வண்டி பிடிக்க வேண்டும் என்று டாக்டர் எனக்கே ரெண்டு தடவை சொல்லியிருக்கிறார். போனிலோ வாட்ஸ்அப்பிலோ வைத்தியம் சொல்லவே கூடாது என்றில்லை. 2020 மார்ச்சில் அதற்கு வழிகாட்டு நெறி வந்துவிட்டது. ஆனால் அதில் டாக்டர் யார், நோயாளி யார் என்று ரெண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும், சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும், அவசரம் என்றால் முதலுதவி சொல்லி நேரில் அனுப்ப வேண்டும். இங்கே டாக்டர் என்ற பெயரில் பேசியது கிம்பல் பிடிக்கிற பையன். என் பக்கத்தில் வருகிற கமெண்டுக்கு என் அசிஸ்டென்ட் விலையைக் குறைத்து "ஆல்பம் பதினெட்டாயிரம்" என்று தப்பாகப் பதில் போட்டால் எனக்கு நஷ்டம் ரெண்டாயிரம் ரூபாய்.

டாக்டர் அந்தக் கமெண்ட் போட்டவருக்குத் தன் போனிலிருந்தே செய்தி அனுப்பினார், என் முன்னால். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, தன் நம்பரையும் கொடுத்து. கமெண்ட் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. நான் இருந்தவரைக்கும் பதில் வரவில்லை.

புகார் கொடுக்கலாமே என்று சித்தப்பா சொன்னார். கொடுப்பதென்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குத்தான் எழுத வேண்டும். நான் எழுதவில்லை. ஆச்சி, "புண்ண ஆத்துன மனுஷன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். காலின் சொந்தக்காரி சொன்ன பிறகு, ஒரு தடவை கேட்காமல் கையெழுத்துப் போட்டவன் ரெண்டாம் தடவையும் போட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

படிவத்தைத் தமிழில் மாற்றுகிறோம், வீடியோவுக்குத் தனித் தாள் வைக்கிறோம் என்று டாக்டர் சொன்னார். போன புதன்கிழமை, கடைசி டிரெஸ்ஸிங்குக்குப் போனபோது, பக்கத்து நாற்காலிக்காரர் கையில் பழைய இங்கிலீஷ் தாள்தான் இருந்தது. பதினோராவது வரியை அவருக்குப் படித்துக் காட்டினேன். அடித்துவிடலாமா என்று கேட்டார். பேனாவைக் கொடுத்தேன்.

புண் முழுசாக மூடிவிட்டது. பெருவிரலுக்கடியில் ஐம்பது பைசா அளவில் ரோஸ் நிறத் தோல். எம்சிஆர் செருப்புப் போட்டு ஆச்சி ஹாலில் நடந்து காட்டிக்கொண்டிருந்தாள். அப்போது அந்தத் தம்பி உள்ளே வந்தான். ஆச்சி நின்றாள். முந்தானையை இழுத்து ரெண்டு காதையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு, அவன் போகிற வரைக்கும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவன் சார்ஜரை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறான்.

வைத்தியத்துக்கு நாலரை ஸ்டார், அரை ஸ்டாரை லிஃப்டுக்காகப் பிடித்துக்கொள்கிறேன். சோஷியல் மீடியா பக்கத்துக்கு ஒரு ஸ்டார், அதுவும் அந்தச் சாக்ஸ் வீடியோவுக்காக. சனிக்கிழமை போகாதீர்கள், காலை ஒன்பது மணிக்கே டோக்கன் தீர்ந்துவிடும். புதன்கிழமை பரவாயில்லை. செருப்புக்கு அளவு கொடுத்தால் வர ஒரு வாரம் ஆகும், முதல் நாளே கொடுத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால், கிளம்புவதற்கு முன் போன் பண்ணி, டிரெஸ்ஸிங் சிஸ்டர் இன்றைக்கு வந்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.